விடியச் சொல்கிறேன் என்பது ‘இல்லை’ அல்ல

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 24. திருகோணமலை உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ரிசப்ஷனில் நிற்கிறேன். போன மாதம் தங்க வந்த ஒரு தம்பதிக்குப் புறாமலைத் தீவுக்குப் போகிற படகுப் பயணம் பற்றி எல்லாம் விளங்கப்படுத்தினேன். நேரம், விலை எல்லாம் கேட்டுவிட்டு, “லெட் அஸ் ஸ்லீப் ஒன் இட்” (Let us sleep on it) என்று சிரித்தபடி அறைக்குப் போய்விட்டார்கள். விருப்பமில்லைப் போல என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஆறரைக்குத் துவாயும் தொப்பியுமாக வந்து நின்றார்கள். படகுக்காரர் அதற்குள் வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முதலாளியிடம் நல்ல ஏச்சு. இப்போது கட்டாருக்கு ஆள் அனுப்புகிற ஒருவர், ஹோட்டல் வேலை இருக்கிறது, இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டு, “டோன்ட் ஸ்லீப் ஒன் இட்” என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். அவர்கள் நித்திரை கொள்ளப் போகிறோம் என்றார்கள், இவர் நித்திரை கொள்ளாதே என்கிறார். இரண்டும் ஒன்றா? இதை எப்படிப் பாவிப்பது?

பதில்:

தம்பி, கட்டார் விஷயம் அவசரம் என்பதால் உங்கள் கடிதத்தை முன்னுக்கு எடுத்திருக்கிறேன். இன்னும் காசு கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். இதை முழுக்க வாசித்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் அந்தத் தம்பதி. ‘ஸ்லீப் ஒன் இட்’ என்றால் ஒரு விஷயத்தை உடனே முடிவு செய்யாமல் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் தெளிந்த தலையோடு முடிவு எடுப்பது. அந்த ‘இட்’ என்பது முடிவு எடுக்க வேண்டிய விஷயம். படகிலோ தீவிலோ படுப்பது பற்றிய பேச்சு இல்லை. அலட்சியமாக இருப்பதும் இல்லை. உங்களிடம் அவர்கள் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், “ராவைக்கு யோசிச்சு விடியச் சொல்லுறம்.” அவ்வளவுதான்.

இந்த வழக்கு பழையது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அரசர் காலத்து ஆவணம் ஒன்றில், 1519 இல், அரசர் ஒரு விஷயத்தின்மீது நித்திரை கொண்டு, கனவும் கண்டு, காலையில் பதில் தருவதாகச் சொன்னார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் என் கண் போவது ‘காலையில் பதில்’ என்ற இடத்துக்கு. ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இந்தச் சொல்லோடு ஒரு தவணை ஒட்டியிருந்திருக்கிறது. சொன்னவர் விடிந்ததும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்டவர் அதுவரை காத்திருந்து, விடிந்ததும் போய்க் கேட்கலாம். அப்படிக் கேட்பது தொந்தரவு ஆகாது.

நீங்கள் ஏன் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஆங்கிலம் மோசம் என்பதால் இல்லை. நம் தமிழ்ப் பழக்கம் அப்படி. நம் வீடுகளில் யாரும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்வதில்லை. காணி விற்க வந்தவரிடம் “பார்ப்பம்” என்போம். கலியாணப் பேச்சோடு வந்த புரோக்கரிடம் “வீட்டில கதைச்சுப் போட்டுச் சொல்லுறம்” என்போம். சீட்டுப் பிடிக்கக் கேட்கிற அக்காவிடம் “யோசிச்சுச் சொல்லுறன் அக்கா” என்போம். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், அது ‘இல்லை’தான். மரியாதைக்காகப் போர்த்திய ‘இல்லை’. நீங்கள் அந்த ஆங்கில வாக்கியத்தைக் காதில் வாங்கியதும் மனம் அதை ‘பார்ப்பம்’ என்று மாற்றிவிட்டது. அதோடு கதை முடிந்தது என்று விட்டுவிட்டீர்கள்.

இதே பிழையை நானும் செய்திருக்கிறேன், உங்கள் வயதில். 2005 இல், சுனாமி வந்து சில மாதங்கள் கழித்து, ஒரு வெளிநாட்டு உதவி அமைப்புக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். நிலாவெளிப் பக்கம் ஒரு முகாம். தகரக் கொட்டிலுக்குள் பத்துப் பதினைந்து மீனவர்கள், வெளியே வெயில், உள்ளே அதைவிட வெக்கை. வலை மட்டும் கொடுப்பதா, படகும் எஞ்சினும் சேர்த்துக் கொடுப்பதா என்பதுதான் பேச்சு. இரண்டு மணித்தியாலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வந்த அதிகாரி கொப்பியை மூடி, “ஐ நீட் டு ஸ்லீப் ஒன் இட்” என்றார். நான் அவர்களைப் பார்த்து, “பார்ப்பம் எண்டு சொல்லுறார்” என்றேன்.

கொட்டில் அப்படியே அமைதியானது. வயதான ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். “பிள்ளை, பார்ப்பம் எண்டால் இல்லை எண்டுதானே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு அந்த அதிகாரி கையில் பட்டியலோடு வந்து நின்றார். படகும் எஞ்சினும் தருவதாக முடிவு. கொட்டிலில் ஒருவரும் இல்லை. இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று பாதிப் பேர் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். அந்தப் பட்டியலில் கையெழுத்து வாங்க நான்கு நாள் வீடு வீடாக அலைந்தேன். அந்த முதியவரின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன்.

“இரவு யோசிச்சு, விடிய வந்து முடிவு சொல்லுவார்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ‘விடிய வந்து’ என்ற இரண்டு சொல்லை விட்டதால் அத்தனை பேரின் நம்பிக்கை ஓர் இரவு முழுக்கக் கெட்டது. அன்றிலிருந்து என் வகுப்பில் இந்த வாக்கியத்தை வெறும் சொற்பொருளாக நான் சொல்லிக் கொடுப்பதில்லை.

சரி, ஆங்கிலத்தில் இது எப்போதும் உண்மையான வாக்குத்தானா? நேர்மையாகச் சொன்னால், எப்போதும் இல்லை. அவர்களிலும் நாசூக்காக நழுவுவதற்கு இதைச் சொல்பவர்கள் உண்டு. வித்தியாசம் பேச்சின் மற்றப் பகுதியில் தெரியும். உங்கள் தம்பதி நேரம் கேட்டார்கள், விலை கேட்டார்கள். எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்கிறவர் மனதில் பாதி ஏற்கெனவே படகில் ஏறிவிட்டது. விவரம் ஒன்றும் கேட்காமல், கைப்பையை எடுத்துக்கொண்டே சொன்னால் அது வேறு. எதுவானாலும் நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை. அவர்கள் அந்த வாக்கியத்தைச் சொன்ன உடனே நீங்கள் தவணையைச் சொல்லிவிடுங்கள்: “ஒஃப் கோர்ஸ். த போட் லீவ்ஸ் அட் செவன். ப்ளீஸ் டெல் மீ பை சிக்ஸ்.” மூன்றும் சின்ன வாக்கியங்கள். புறப்படும் நேரத்தையும் முடிவு சொல்லும் நேரத்தையும் உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் படகுக்காரருக்கு ஒரு கோல் எடுத்து, “ரெண்டு பேர் இருக்கினம், ஆறு மணிக்குத்தான் உறுதி சொல்லுவன்” என்று சொல்லி வையுங்கள். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை நம் பக்கக் கடல் அமைதி, ஆட்கள் குவிகிற காலம். படகுக்காரர் வெறும் நம்பிக்கையில் இடம் வைத்திருக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

காலையில் அவர்கள் வராவிட்டால் நீங்களே மெதுவாகக் கேட்கலாம்: “குட் மோர்னிங். ஹேவ் யூ டிசைடட் எபவுட் த போட்?” இப்படிக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்படுவார்கள்.

உங்கள் வேலைக்கு உதவுகிற இன்னொன்றும் சொல்கிறேன். திருகோணமலைக்கு வருகிற எல்லாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பிரான்சிலிருந்து வருகிறவர் தன் மொழியில் ‘இரவு ஆலோசனை கொண்டு வரும்’ என்பார், இத்தாலிக்காரரும் அதையேதான் சொல்வார். ஜேர்மன்காரர் ஆங்கிலத்தைப் போலவே அதன்மீது நித்திரை கொள்வதாகச் சொல்வார். ரஷ்யரிடம் ‘மாலையைவிடக் காலை அறிவுள்ளது’ என்ற பழமொழி இருக்கிறது. இவர்கள் அதை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லும்போது, “வீ ஸ்லீப், டுமோரோ வீ சே” என்று வந்து விழும். அப்போது நீங்கள், நித்திரை வருகிறது, தொந்தரவு செய்யாதே என்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘டுமோரோ’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே இதைப் பேசும்போது முன்னே வருகிற சொற்கள் பெரும்பாலும் ‘லெட் மீ’, ‘ஐ நீட் டு’, ‘கேன் ஐ’. “கேன் ஐ ஸ்லீப் ஒன் இட்?” என்று முதலாளியிடம் கேட்கலாம், மரியாதைக் குறைவு இல்லை. மறுநாள், “ஐ ஸ்லெப்ட் ஒன் இட், அண்ட் மை ஆன்சர் இஸ் யெஸ்” என்று தொடங்கலாம். எழுத்தில், அதுவும் அலுவலகக் கடிதத்தில், இதை விட்டுவிடுங்கள். இது வாயால் பேசுகிற சொல். இன்னொரு விஷயம், இது முடிவுகளுக்கு மட்டும்தான். விருந்தினர் சுடுதண்ணீர் கேட்டால் ‘ஸ்லீப் ஒன் இட்’ என்று சொல்ல முடியாது. அறைக்கு என்ன விலை என்று கேட்டாலும் முடியாது, அது உங்கள் மேசையில் எழுதியிருக்கிற விஷயம். தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது, ஆனால் மனம் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. அந்த இடத்துக்குத்தான் இந்தச் சொல்.

நடுவில் இருக்கிற அந்தச் சின்னச் சொல்லில் கவனமாக இருங்கள். ‘ஒன்’ என்பதை ‘ஓவர்’ ஆக்கினால் வேறொருவர் வீட்டில் இரவு தங்குவது ஆகிவிடும். நம் பக்கத்து ஆங்கிலத்தில், கோப்பைப் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிற அதிகாரியையும் ‘ஸ்லீப்பிங் ஓவர் த ஃபைல்’ என்று சொல்கிறோம். வெள்ளைக்காரருக்கு அது புரியாமல் போகலாம். ‘ஸ்லீப் இன்’ என்றால் வேண்டுமென்றே பிந்தி எழும்புவது. “டுமோரோ வீ வில் ஸ்லீப் இன்” என்று விருந்தினர் சொன்னால், ஏழு மணிக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கதவைத் தட்டாதீர்கள். ‘வித்’ போட்டு மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள். அது படுக்கையறை உறவுக்கான சொல், ரிசப்ஷனில் நிற்கிற பிள்ளைக்குப் பெரிய சங்கடமாகிவிடும்.

இப்போது உங்கள் வாட்ஸ்அப்காரர். “டோன்ட் ஸ்லீப் ஒன் இட்” என்பது அதே சொற்கள், ஆனால் இது பிறந்த இடம் வேறு. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பேச்சிலும் ஹிப்ஹொப் உலகத்திலும் வளர்ந்து, இணையத்தால் எங்கும் பரவிய வழக்கு இது. இங்கே ‘ஸ்லீப் ஒன்’ என்றால் ஒன்றின் அருமை தெரியாமல் கவனிக்காமல் விடுவது. நல்ல கிரிக்கெட் வீரர் ஒருவரை யாரும் பெரிதாக எடுக்கவில்லை என்றால், “பீப்பிள் ஆர் ஸ்லீப்பிங் ஒன் ஹிம்” என்பார்கள். கடை விளம்பரத்தில், மலிவு விலையைத் தவற விடாதே என்பதற்கு ‘டோன்ட் ஸ்லீப் ஒன்’ என்று போடுவார்கள். பழைய வழக்கில் நித்திரை நல்ல ஆலோசகர். புதிய வழக்கில் நித்திரை அசட்டை. ‘லெட் மீ’ முன்னால் வந்தால் பழையது என்றும், ‘டோன்ட்’ வந்தால் பெரும்பாலும் புதியது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் இழுக்கிறதே என்று குழம்ப வேண்டாம். தமிழிலும் அப்படித்தான். நாங்கள் நித்திரை என்போம், ‘தூங்குது’ என்று சொன்னால் கொடியில் சட்டை தூங்குவதுபோலத் தொங்குவதைத்தான் சொல்வோம். தூங்கணாங்குருவிக்கும் கூடு தொங்குவதால் வந்த பெயர்தான் அது. தொங்குவது அசைந்து அசைந்து ஓரிடத்தில் நிற்பது, அதனால் பழந்தமிழில் ‘தூங்குதல்’ என்றால் தாமதித்தல் என்றும் அர்த்தம். திருக்குறளில் 672 ஆவது குறள் இதுதான்:

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.

தாமதித்துச் செய்ய வேண்டியவற்றைத் தாமதித்துச் செய், தாமதிக்காமல் செய்ய வேண்டியவற்றில் தாமதிக்காதே. வள்ளுவர் சொன்னது நித்திரையைப் பற்றி இல்லை, ஆனாலும் ‘லெட் மீ ஸ்லீப் ஒன் இட்’, ‘டோன்ட் ஸ்லீப் ஒன் இட்’ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்று வகுப்பில் இந்தக் குறளை எழுதும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். எந்தச் சொல்லைச் சொல்வது என்பதைவிட, எந்த விஷயம் எந்தப் பக்கம் சேரும் என்று பிரிப்பதுதான் கஷ்டம். படகுப் பயணம் தூங்காது செய்ய வேண்டியது, ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இரண்டு வருடம் ஒப்பந்தம் எழுதி, வீட்டை விட்டு, அம்மாவின் நகையை அடகு வைத்துப் போகிற வேலை தூங்கிச் செய்ய வேண்டியது.

அதனால்தான் அந்த மனிதர் உங்களைத் தூங்கவிடாமல் பார்க்கிறார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் நல்ல வேலை ஓர் இரவில் கெட்டுப்போகாது. பகல் முழுக்க ரிசப்ஷனில் நின்று களைத்து, கட்டார் சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிற இரவு ஒன்பது மணித் தலை வேறு, விடிய ஆறு மணிக்குக் கடற்கரையில் நடக்கிற தலை வேறு. பகலில் கேட்டதையும் படித்ததையும் மூளை நித்திரையில்தான் ஒழுங்குபடுத்திப் பதித்துக்கொள்கிறது. எழும்பியதும், நேற்று ஏன் இதைக் கேட்கவில்லை என்று ஒரு கேள்வி தானாக வரும். அந்தக் கேள்வியை எழுதி வையுங்கள்.

நித்திரை மட்டும் போதாது, விடிந்ததும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து, அந்த முகவர் நிலையத்தின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள். அவர் இலக்கம் தர மறுத்தால் அதுவே பதில். தந்தால், அந்தக் கட்டார் ஹோட்டல் வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எதற்குக் காசு, எவ்வளவு, ரசீது உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒப்பந்தத்தை வீட்டில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள், வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம். இதை ‘பார்ப்பம்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சனிக்கிழமை வகுப்பு முடிய பன்னிரண்டு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.

அவருக்கு இன்றிரவு அனுப்ப ஒரு செய்தி சொல்லித் தருகிறேன், அப்படியே அனுப்புங்கள்: “தேங்க் யூ. இட் இஸ் எ பிக் டிசிஷன், ஸோ ஐ நீட் டு ஸ்லீப் ஒன் இட். ப்ளீஸ் சென்ட் மீ யுவர் லைசன்ஸ் நம்பர். ஐ வில் கோல் யூ டுமோரோ அட் டென்.” அனுப்பிவிட்டு போனைச் சைலன்டில் போட்டுவிட்டுப் படுங்கள். பணியகத்தில் விசாரித்தது முடிந்தாலும் முடியாவிட்டாலும், நாளை பத்து மணிக்கு அவர் எடுக்கும்வரை காத்திராமல் நீங்களே எடுங்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னவர் நீங்கள், விடியப் பதில் சொல்வது உங்கள் முறை.